தச்சரிடம் துணிவு கற்ற பிரபு

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் 1700-ம் ஆண்டு மே மாதம் 26-ந்தேதி ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர் சின்சென்டார்ப். பிறந்த ஆறு வாரங்களில் தந்தை இறந்தார். சில ஆண்டுகளில் தாயார் மறுமணம் செய்து கொண்டார். பாட்டிதான் பேரனை வளர்த்தார். அவர் படித்தவர், பக்தி மிகுந்தவர்.

10 வயதில் ஹாலே நகரப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டார். நம் தரங்கம்பாடிக்கும் அந்தப் பள்ளிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இருவரும் ஹாலேயில் படித்தவர்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் அங்கே ஆவலோடு வாசிக்கப்பட்டன. ஊர் திரும்பிய மிஷனரிகளைப் பள்ளித் தலைவர் பிராங்கேயின் சாப்பாட்டு மேஜையில் சின்சென்டார்ப் நேரில் கண்டார்.

யாரும் போகாத இடங்களுக்குக் கிறிஸ்துவின் செய்தியைக் கொண்டு போக வேண்டும் என்று ஒரு பள்ளித் தோழரோடு சேர்ந்து அவர் உறுதி எடுத்துக் கொண்டார்.

சர்க்கார் உத்தியோகம்

ஆனால் பிரபு வீட்டுப் பிள்ளை போதகர் ஆவது அந்தக் காலத்தில் கவுரவக் குறைவு. குடும்பத்தாரின் சொல்லைத் தட்ட முடியாமல் சட்டம் படித்தார். 1721-ல் டிரெஸ்டனில் அரசாங்க சட்ட ஆலோசகர் ஆனார். மனம் ஒட்டாத வேலை. ஞாயிறு பிற்பகலில் மட்டும் தன் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார். பள்ளியில் எடுத்த உறுதி அப்படியே கிடந்தது.

அதை எழுப்பி விட்டவர் ஒரு தச்சுத் தொழிலாளி. பெயர் கிறிஸ்டியன் டேவிட். மொரேவியாவில் பிறந்தவர். 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்ட ஜான் ஹஸ் என்ற சீர்திருத்தவாதியின் வழிவந்த சகோதரர் சபை அங்கே நூறு ஆண்டுகளாக ஒடுக்கப்பட்டிருந்தது. பைபிளை ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டும். பிடிபட்டால் அபராதம், சிறை. இதையெல்லாம் டேவிட் எடுத்துச் சொன்னார். வருகிறவர்களுக்கு இடம் தருவதாக சின்சென்டார்ப் வாக்களித்தார்.

காட்டில் ஒரு விளக்கு

1722 மே மாதம், கத்தி செய்யும் தொழிலாளர்களான இரண்டு சகோதரர்கள், மனைவி மக்களோடு இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். வீடு, பட்டறை, உற்றார் அனைத்தையும் விட்டு, கால்நடையாக எல்லையைத் தாண்டினார்கள். ஜூன் 17-ந்தேதி பிரபுவின் நிலத்தில் டேவிட் முதல் மரத்தை வெட்டினார். அங்கே எழுந்த குடியிருப்புதான் ஹெர்ன்ஹட்.

அந்த டிசம்பரில் புது மனைவியோடு வண்டியில் வந்த பிரபு, காட்டுக்குள் ஒரு விளக்கு எரிவதைக் கண்டார். அகதிகளின் வீடு என்று தெரிந்ததும் இறங்கி உள்ளே போனார். அவர்களோடு முழங்காலிட்டு ஜெபித்தார்.

டேவிட் சும்மா இருக்கவில்லை. பலமுறை ரகசியமாக எல்லை கடந்து மேலும் பலரை அழைத்து வந்தார். வந்தவர்களும் பயந்து ஒடுங்கவில்லை. மொரேவியாவுக்குத் திரும்பிப் போன ஒருவர் பிடிபட்டு, 1729-ல் சிறையிலேயே இறந்தார்.

இவர்களைப் பார்த்த பிறகு பிரபுவுக்கு அலுவலக நாற்காலி கசந்தது. 1727-ல் குடியிருப்பில் சண்டை சச்சரவு முற்றியபோது விடுப்பு எடுத்துக் கொண்டு அங்கேயே வந்து விட்டார். வீடு வீடாகச் சென்று சமாதானம் செய்தார். ஆகஸ்டு 13-ந்தேதி திருவிருந்தில் எல்லோரும் மனம் ஒன்றினார்கள். அந்த மாதம் தொடங்கிய இடைவிடாத முறை ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. பின்னர் உத்தியோகத்தையும் அடியோடு விட்டார்.

குயவரும் தச்சரும்

1731-ல் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் போனார். அங்கே மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமசைச் சேர்ந்த அந்தோன் என்ற அடிமையைச் சந்தித்தார். தீவில் அடிமைகள் படும் பாட்டை அவர் சொன்னார். அதைக் கேட்டு 1732-ல் இரண்டு பேர் ஹெர்ன்ஹட்டிலிருந்து கிளம்பினார்கள். ஒருவர் டோபர், குயவர். மற்றவர் நிட்ஷ்மன், தச்சர். மொரேவியாவிலிருந்து தப்பி வந்த அகதி. கைத்தொழில்தான் அவர்களுக்கு மூலதனம்.

தீவுகளுக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். மற்றவர்களைச் சாக அனுப்புகிறார் என்று பிரபுவைப் பலர் பழித்தார்கள். 1736-ல் அவரையே சாக்சனியை விட்டு வெளியேற்றினார்கள். ஆதரவு தந்தவரும் அகதி ஆனார்.

1739 ஜனவரியில் அவரே செயின்ட் தாமசுக்குப் போய் இறங்கினார். மிஷனரிகள் சிறையில் இருந்தார்கள். அடிமைகள் சிறை ஜன்னலுக்கு வெளியே கூடி நின்று உபதேசம் கேட்டு வந்தார்கள். பிரபு கவர்னரிடம் பேசி அவர்களை விடுவித்தார்.

ஆனால் அங்கே அவரிடமும் ஒரு குறை தெரிந்தது. விடைபெறும்போது, எஜமானர்களுக்குக் கீழ்ப்படியும்படி அடிமைகளுக்கு உபதேசித்தார். அடிமைத்தனமே அநீதி என்று சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. சவுக்கடிக்கு அஞ்சாமல் கூடிய அந்த ஏழைகள் இந்த விஷயத்தில் அவரை விடப் பெரியவர்கள்.

1747-ல் தடை நீங்கியது. 1760 மே 9-ந்தேதி ஹெர்ன்ஹட்டில் அவர் காலமானார். அதற்குள் 200-க்கு மேற்பட்டோர் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

அதே 1760-ல் அவருடைய சகோதரர்களில் ஒரு குழுவினர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். பக்கத்திலேயே நிலம் வாங்கித் தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து பிழைத்தபடி சுமார் 40 ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். பத்து வயதில் பிரபு கேட்ட ஊர்ப் பெயர் அது.