அட்டையில் விடை தந்த நெசவாளர்

உடையார்பாளையம் வட்டாரத்துத் தறி வீடுகளில், தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஜோசப் மேரி ஜக்கார்டு 1752ஆம் ஆண்டு, பிரான்சின் பட்டு நகரமான லியோனில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் பூவேலைப் பட்டு நெய்ய இருவர் வேண்டும். நெசவாளர் நாடா ஓட்டுவார். ஒவ்வோர் ஊடைக்கும் எழ வேண்டிய பாவு நூல்களை ஒரு சிறுவன் இழுத்துப் பிடிப்பான். அடுத்து எந்த நூல் என்று தறி கேட்க, சிறுவன் விடை சொல்வது போல வேலை நடக்கும். நாள் முழுவதும் உடலை வருத்தும் உழைப்பு அது.

துளையிட்ட தாளாலும் அட்டையாலும் இதற்கு வழிகாண முன்னோர் சிலர் முயன்றிருந்தனர். அவர்கள் விட்ட இடத்தில் தொடங்கிய ஜக்கார்டு, 1804இல் தம் பொறியை உருவாக்கினார். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. கோத்த அட்டைகள் வரிசையாக வந்து, கேட்குமுன்பே விடையளித்தன. பிழைப்புப் போய்விடுமே என்று நெசவாளர்கள் கொதித்தனர். ஆயினும் 1805இல் அரசு அப்பொறியைப் பொதுவுடைமையாக்கி, அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. 1834இல் அவர் மறைந்தார்.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். 1973இல் யூனிக்ஸ் இயக்க அமைப்பில், ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக ஓடவிடும் ‘குழாய்’ வந்தது. அங்கும் அதே சிக்கல்தான். கோப்பை அழிக்கலாமா என்று நிரல் கேட்கிறது. விசைப்பலகை முன் ஆள் இருந்தால் யோசித்துச் சொல்வார். குழாய் வழியே தரவு வந்துகொண்டிருந்தாலோ, அதன் அடுத்த வரியையே நிரல் விடையாகக் கொண்டுவிடக்கூடும். ஆகவே நல்ல நிரல், உள்ளீடு முனையத்திலிருந்து வருகிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையெனில் கேள்வி கேளாது. கட்டளை வரியில் முன்பே தந்த விருப்பத்தின்படி நடக்கும். அதுவும் இல்லையெனில், எதையும் அழிக்காமல் பிழை சொல்லி நின்றுவிடும்.

அட்டையில் ஒரு துளை தவறினால், அந்தப் பூ வரும் இடமெல்லாம் அதே பழுது வரும். சிறுவனாயிருந்தால் ஒருவேளை கண்டு திருத்தியிருப்பான். ஆளை விடுவிக்கும்போது, அவன் செய்துவந்த யோசனையை நாமே முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும், நண்பர்களே! ஜக்கார்டின் பெட்டி நமக்குச் சொல்வது இதுவே.