கண்ணொளி காத்த டாக்டர் குஷிங்

மண்டையைத் திறந்தால் ஆள் பிழைப்பது அரிது என்று டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மூளைக் கட்டிகளுடன் மல்லுக்கு நின்றவர் ஹார்வி குஷிங்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1869-ம் ஆண்டு பிறந்தார். தந்தை, பாட்டனார், கொள்ளுப் பாட்டனார் மூவருமே டாக்டர்கள். 1895-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

1901-ன் இறுதியில் அங்கே ஒரு சிறுமி வந்தாள். தலைவலி, பருத்த உடல், நாளுக்கு நாள் மங்கும் பார்வை. மூளையில் கட்டி என்று குஷிங் ஊகித்தார். எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆபரேஷன் செய்தும் கட்டி அகப்படவில்லை. சிறுமி இறந்துபோனாள். அது பிட்யூட்டரி சுரப்பியின் பக்கம் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இந்தத் தோல்வி அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

பிட்யூட்டரி, பட்டாணி அளவே உள்ள சுரப்பி. மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழியில் இருக்கிறது. இரு கண்களின் பார்வை நரம்புகளும் அதற்கு மேலேதான் சந்திக்கின்றன. பக்கவாட்டுக் காட்சிகளைக் கொண்டுவரும் இழைகள் அங்கே இடம் வலமாக மாறிச் செல்கின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலே முட்டினால் பெரும்பாலும் முதலில் நசுங்குவது இந்த இழைகள்தாம். ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல் இருபுறமும் இருண்டுவிடும். நேரே உள்ள எழுத்தைப் படிக்க முடிவதால் நோயாளிக்கே பல நாள் தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கத்தில் வரும் வண்டி கண்ணில் படாது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்?

குஷிங், கண் டாக்டர் வாக்கருடன் சேர்ந்து, நோயாளிகளுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று படம் வரைந்து ஆராய்ந்தார். அழுத்தத்தைச் சீக்கிரம் நீக்கினால் பார்வை திரும்பியது, சிலருக்குச் சில நாட்களிலேயே. நரம்பு வெளுத்து வாடிய பின் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பவில்லை.

1909-ல் மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகக் கட்டியை அணுகினார். பின்னர் மேலுதட்டுக்கு உட்புறம் கீறி உள்ளே போகும் முறையை வகுத்தார். 1910 முதல் 1925 வரை அப்படி 231 ஆபரேஷன்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் குறுகிய, இருண்ட வழியில் நசுங்கிய நரம்பைக் கண்ணால் பார்க்க முடியாது. மண்டையைத் திறந்து செய்தால் பார்வை மேலும் நன்றாகத் திரும்புகிறது என்று கண்டார். பேர் வாங்கித் தந்த வழியைத் தாமே கைவிட்டார்! உலகமும் அதை மறந்தது.

குஷிங் 1939 அக்டோபர் 7-ல் மாரடைப்பால் காலமானார். அவரிடம் பயின்ற எடின்பரோ சர்ஜன் நார்மன் டாட் மூக்கு வழியை விடாமல் வைத்திருந்தார். அவரிடமிருந்து பாரிஸ் டாக்டர் கியோ கற்றார். கியோவிடம் கற்ற மான்ட்ரியல் டாக்டர் ஜூல் ஹார்டி 1960-களில் அதில் மைக்ராஸ்கோப்பைச் சேர்த்தார். குஷிங்குக்கு இருட்டாக இருந்த இடம் வெளிச்சமாயிற்று. இன்று ஆபரேஷன் தேவைப்படும் பிட்யூட்டரிக் கட்டிகளில் பெரும்பாலானவை மூக்கு வழியாகவே எடுக்கப்படுகின்றன.