நாற்காலிக்குச் சக்கரம் பூட்டிய மேதை

சார்லஸ் டார்வின் என்ற பெயரைப் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். உலகத்தில் உள்ள உயிர்கள் எல்லாம் நெடுங்காலமாகச் சிறிது சிறிதாக மாறி வந்தவை என்று எடுத்துக்காட்டிய விஞ்ஞானி அவர். ஆனால், அவர் வீட்டுச் சாமான்களை மாற்றி அமைப்பதிலும் கைதேர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டில் கிடந்த நாற்காலி, தகப்பனார் விட்டுப்போன முக்காலி, ஜன்னல் ஓரத்துப் பலகை, பிஸ்கட் டப்பா, தேநீர்த் தட்டு. இவைதாம் அவருடைய ஆராய்ச்சிச் சாலை. வாழ்நாளில் பெரும் பகுதி நோயோடு போராடிய அந்த மனிதர், உலகம் வியக்கும் வேலையைச் செய்து முடித்ததில் இந்தச் சாமான்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கப்பலில் கற்ற பாடம்

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி டார்வின் பிறந்தார். தகப்பனார் பெரிய வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டும் என்று எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவைச் சிகிச்சையில் நோயாளி துடிப்பதைப் பையனால் பார்க்க முடியவில்லை. வெளியே ஓடிவிட்டார். வைத்தியப் படிப்பு அத்தோடு முடிந்தது.

பிறகு கேம்பிரிட்ஜில் படித்துத் தேறினார். 1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி 'பீகிள்' என்ற கப்பலில் உலகப் பிரயாணம் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

கப்பலின் நீளம் சுமார் 90 அடிதான். அதற்குள் 70 பேருக்கு மேல் இருந்தார்கள். டார்வினுக்குக் கிடைத்தது பின்புறத்தில் இருந்த ஒரு சிறு அறை. அதிலும் வேறு ஆட்கள் பங்கு. அறையின் பெரும் பகுதியை, கடல் படங்கள் வரையும் பெரிய மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. மேஜைக்கு மேலே தொங்கும் தூளிதான் படுக்கை.

டார்வின் ஆறடி உயரம். தூளியில் படுத்தால் கால் நீட்ட இடம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? சுவரோரத்துப் பெட்டியில் இருந்த ஓர் இழுப்பறையை இரவுதோறும் வெளியே எடுத்து வைத்தார். அந்தப் பொந்துக்குள் தூளியின் கால்பக்கம் புகுந்துகொண்டது. காலையில் இழுப்பறை தன் இடத்துக்குப் போய்விடும்.

கடல் அலையால் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டும் நாட்களில் அந்த மேஜையே அவருக்குக் கட்டிலும் ஆயிற்று. சற்று நேரம் அதன் மேல் படுத்து எழுந்து, மறுபடியும் வேலையைத் தொடங்குவார்.

இப்படி ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1836-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கப்பல் திரும்பியது. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், எந்த இடத்துக்கும் ஓர் உபயோகம் என்ற ஒழுங்கைத் தமக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நெருக்கடியான அறைதான் என்று பிற்காலத்தில் அவர் தம் பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம்.

நோயும் வேலையும்

1839-ம் ஆண்டு ஜனவரியில் டார்வின் தம் மாமன் மகள் எம்மாவை மணந்தார். 1842-ல் லண்டனைவிட்டு, அப்போது கென்ட் பகுதியில் இருந்த டவுன் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் வாங்கிய வீட்டுக்கு 'டவுன் ஹவுஸ்' என்று பெயர். சாகும் வரை, 40 ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

அதற்குள் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. வாந்தி, படபடப்பு, தலைசுற்றல், அசதி. இன்ன நோய் என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை செய்யக்கூடிய நேரமோ மிகவும் கொஞ்சம். காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் 9-30 வரை. மறுபடியும் 10-30 முதல் 12 வரை. மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம் அது. விலை உயர்ந்த சாமான்களை அவர் வாங்கியிருக்கலாம். ஆனால் அவருக்குக் குறைவாக இருந்தது பணம் அல்ல, உடம்பில் பலம். ஒவ்வொரு தடவை எழுந்து நடப்பதும், குனிவதும் அவருக்குச் செலவு. அந்தச் செலவைக் குறைக்கத்தான் அவர் வீட்டுச் சாமான்களின் மேல் கை வைத்தார்.

சக்கர நாற்காலி

குதிரை மயிர் அடைத்த பெரிய கை நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. தாழ்வான ஆசனத்தில் உட்கார அவருடைய நீண்ட கால்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே, நாற்காலியை இரும்புக் கால்களின் மேல் உயர்த்தினார். கால்களின் அடியில் சிறு உருளைச் சக்கரங்களைப் பூட்டினார். இப்போது உட்கார்ந்தபடியே ஒரு தள்ளுத் தள்ளினால் அலமாரி. இன்னொரு தள்ளுத் தள்ளினால் ஜன்னல். இன்று ஆபீசுகளில் எங்கும் காணும் சக்கர நாற்காலிக்கு அதை ஒரு முன்னோடி என்று சொல்வார்கள்.

எழுதுவதற்கு மேஜையைத் தேடிப் போவதும் வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பலகையை எடுத்தார். நாற்காலியின் இரு கைகளின் மேலும் குறுக்கே வைத்தார். மேஜை தயார்! உலகத்தையே ஓர் உலுக்கு உலுக்கிய புத்தகத்தை அந்தப் பலகையின் மேல் வைத்துத்தான் எழுதினார்.

வேறு இடங்களில் நாற்காலி தாழ்வாக இருந்தால், மெத்தைகளையும் மணைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். பார்க்க அழகாக இராது. அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை.

சுழலும் முக்காலி

பூச்சிகளையும் கடல் பிராணிகளையும் அறுத்துப் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த மேஜை எது? ஜன்னலில் பதித்த ஒரு தடித்த பலகைதான். நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அந்த இடம். நின்றால் எட்டாத தாழ்வில் அது இருந்தது. உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

அதற்குத் தகப்பனாருடைய பழைய முக்காலி உதவியது. குள்ளமான முக்காலி, ஆசனம் சுழலும், அடியில் பெரிய உருளைகள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரமம் இல்லாமல் திரும்பலாம். இடது கைப்பக்கம் ஒரு வட்ட மேஜை. அதுவும் சுழலும். அதைச் சுற்றிலும் இழுப்பறைகள். நல்ல கருவிகள், முரட்டுக் கருவிகள் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி இருந்தது.

1846 முதல் எட்டு ஆண்டுகள் அந்த முக்காலியில் உட்கார்ந்து அவர் ஆராய்ந்தது ஒரு சிறு பிராணியை. பாறைகளிலும் படகுகளின் அடியிலும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளர்வது அது. கொட்டலசு என்று தமிழில் சொல்வார்கள். அப்பா என்றால் கொட்டலசு அறுப்பவர் என்றே அந்த வீட்டுக் குழந்தைகள் நினைத்தார்களாம். ஒரு நாள் அவர்களில் ஒருவன் வேறொரு வீட்டுக்குப் போனான். அந்த வீட்டு அப்பா எந்த இடத்தில் கொட்டலசு அறுக்கிறார் என்று அப்பாவியாகக் கேட்டானாம். குடும்பத்தில் வழங்கி வரும் கதை இது.

வேலை இல்லாத நேரத்தில் முக்காலி குழந்தைகளுக்குச் சொந்தம். அதன் மேல் ஏறிக்கொண்டு, நீண்ட கழியை ஊன்றி, கூடத்தில் ஓடம் விடுவார்கள். மாடிப்படியில் ஒரு பலகையைச் சாய்த்துச் சறுக்குமரமும் ஆக்கினார்கள். தகப்பனார் தடுக்கவில்லை. எழுதித் தள்ளிய காகிதங்களையும் கொடுத்தார். அவற்றின் பின்பக்கத்தில் குழந்தைகள் படம் வரைந்தார்கள்.

எதையும் எறியாதே!

ஒரு பொருளைத் தூக்கி எறிந்தால், அடுத்த நிமிஷமே அது தேவைப்படும் என்பது டார்வினுடைய நம்பிக்கை. ஒன்றுக்கும் உதவாத துண்டு துணுக்குகள்கூட அவருடைய இழுப்பறைகளில் பத்திரமாக இருக்கும். பிஸ்கட் டப்பாக்களில் விதைகளை முளைக்க வைப்பார். தேநீர்த் தட்டுகளில் மணல் நிரப்பி வைப்பார். செடிகளின் உயரத்தை அளக்க ஏழடி மரக்கழி ஒன்று உண்டு. அதில் அளவுக் கோடுகள் போட்டுத் தந்தவர் அந்த ஊர்த் தச்சர்.

தடித்த புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிப்பது சிரமம் என்றால் அதையும் இரண்டாகப் பிளந்துவிடுவார்!

கடல் கடந்த தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? இது பெரிய கேள்வி. இதற்கு விடை காண அவர் கப்பல் ஏறவில்லை. வீட்டிலேயே உப்புத் தண்ணீரில் 87 வகை விதைகளைப் போட்டு வைத்தார். 28 நாட்கள் ஊறிய பிறகும் 64 வகைகள் முளைத்தன. சில வகைகள் 137 நாட்கள் ஊறியும் பிழைத்தன. கடல் நீரில் மிதந்து போன விதை, கரை சேர்ந்து முளைக்கக்கூடும் என்பது தெளிவாயிற்று.

ஒரு சிறு பெட்டி

அந்த வீட்டில் சிரிப்பு மட்டும் இருக்கவில்லை. பத்துக் குழந்தைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். தகப்பனாரின் செல்லமான ஆனி என்ற பெண் குழந்தை 1851-ம் ஆண்டு ஏப்ரலில் கண்ணை மூடியபோது அவளுக்கு வயது பத்து.

ஆனிக்கு ஓர் எழுதுபெட்டி உண்டு. கடிதம் எழுதும் சாமான்கள் வைப்பதற்கான சிறு பெட்டி. அவளுடைய பேனாக்களோடும் அரக்கோடும் குழந்தையின் தலைமயிர்ச் சுருள் ஒன்றையும், அவள் நோயைப்பற்றி டார்வின் எழுதிய குறிப்புகளையும் எம்மா அதற்குள் வைத்து மூடினாள். எழுதுபெட்டி நினைவுப்பெட்டி ஆயிற்று. அதை அந்தத் தாய் கடைசி வரை காப்பாற்றினாள்.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு சோதனை. டார்வின் இருபது ஆண்டுகளாக எண்ணி வந்த கருத்தையே வாலஸ் என்ற மற்றொரு விஞ்ஞானி எழுதி அனுப்பினார். அதே மாதம் டார்வினின் கடைசிக் குழந்தை காய்ச்சலில் இறந்தது. மனம் ஒடிந்த நிலையிலும் அவர் வாலஸை ஒதுக்க நினைக்கவில்லை. ஜூலை 1-ந் தேதி இருவருடைய கட்டுரைகளும் லண்டனில் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன.

அதன் பிறகு டார்வின் மும்முரமாக எழுதினார். 1859-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அச்சிட்டவை 1,250 பிரதிகள்.

மண்புழுவுக்குப் பியானோ

முதுமையிலும் அவருடைய வழக்கம் மாறவில்லை. மண்புழுக்களை ஆராய விரும்பினார். பூந்தொட்டிகளில் மண்ணோடு புழுக்களைப் போட்டு அறையிலேயே வைத்துக்கொண்டார்.

புழுவுக்குக் காது உண்டா? வீடே ஆராய்ச்சியில் இறங்கியது. பேரன் பெர்னார்ட் ஊதல் ஊதினான். மகன் பிரான்சிஸ் பாசூன் என்ற பெரிய குழலை வாசித்தார். எம்மா பியானோ வாசித்தாள். புழுக்கள் அசையவில்லை. பிறகு தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டினார்கள். உடனே புழுக்கள் வளைக்குள் ஓடின. ஓசை அவற்றுக்குக் கேட்பதில்லை. அதிர்ச்சியை உணர்கின்றன என்று புரிந்தது. கூடத்துப் பியானோ விஞ்ஞானக் கருவி ஆன கதை இது. மண்புழுக்களைப்பற்றிய அவருடைய புத்தகம் 1881-ல் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசிப் புத்தகம்.

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

டவுன் ஹவுஸ் இன்று பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக இருக்கிறது. அந்தச் சக்கர நாற்காலியையும் பலகையையும் அங்கே பார்க்கலாம்.

இப்போது கடைகளில் மேஜையும் அலமாரியும் பலகை பலகையாகப் பெட்டியில் கட்டி வருகின்றன. நாமே திருகாணி முடுக்கிப் பொருத்திக்கொள்கிறோம். சில நாளில் அது போதவில்லை, இது வசதியாக இல்லை என்று மூலையில் தள்ளுகிறோம். தள்ளுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்போம். ஒரு பலகை சேர்த்தால், நான்கு சக்கரம் பூட்டினால், வீட்டில் உள்ள முதியவருக்கோ நோயாளிக்கோ அது புதிய பலம் தரக்கூடும். நாற்காலிக்கு ஏற்றபடி மனிதன் வளைய வேண்டியதில்லை. மனிதனுக்கு ஏற்றபடி நாற்காலியை மாற்றலாம். டார்வின் வீட்டு நாற்காலி சொல்லும் பாடம் இதுதான்.