சூசான் லெங்லென் அம்மையார்

உடல் வலிமையாற் புகழ் பெற்றோர் பலர்; நலிந்த உடலோடு வளர்ந்தும் இடைவிடாப் பயிற்சியால் உலகோர் வியக்க வாழ்ந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் பிரான்சு நாட்டு டென்னிஸ் வீராங்கனையாகிய சூசான் லெங்லென் அம்மையார். அவருடைய ஆட்டத்தின் அழகும், அவர் துணிந்து செய்த செயலொன்றும் மாணவராகிய நாம் எண்ணிப் பார்த்தற்குரியன. ஆகலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1899 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். இளமையில் இரைப்பு நோயால் வருந்தினமையின், உடலுரம் பெறும்பொருட்டுத் தந்தையார் சார்லஸ் 1910 ஆம் ஆண்டில் ஒரு டென்னிஸ் மட்டையை அவர் கையிற் கொடுத்தார். குளிர்காலத்தில் அக்குடும்பத்தார் நீஸ் நகரில் தங்குவது வழக்கம். ஆங்கு வந்து ஆடிய சிறந்த ஆடவரின் ஆட்டத்தைத் தந்தையார் கூர்ந்து நோக்கி, அம்முறையையே மகளுக்குப் பயிற்றினார். ஆடுகளத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து, பந்து அதன்மேல் வந்து விழுமாறு அடிக்கச் செய்வார் என்பர். பிழை நேர்ந்தவிடத்துக் கடிந்துரைக்கவும் அவர் தயங்கியவரல்லர். இங்ஙனம் பழகிய சிறுமி, 1914 ஆம் ஆண்டிற் பதினைந்து வயதளவில், பாரிஸை அடுத்து மண்தரையில் நடந்த உலகப் போட்டியில் வாகை சூடினார்.

பின்னர் மூண்ட பெரும்போர் ஆட்டங்களை நிறுத்திவிட்டது. போர் முடிந்தபின் 1919 ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக விம்பிள்டன் சென்றார். இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்தவர், அங்கு ஏழு முறை வென்றவரும் நாற்பது வயதினருமாகிய லாம்பெர்ட் சேம்பர்ஸ் அம்மையார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் கண்டிருந்த அவ்வாட்டத்தில், இன்னும் ஒரு புள்ளி கிடைப்பின் வெற்றி என்னும் நிலையை மூத்தவர் இருமுறை எய்தினார். முதன்முறை லெங்லெனின் மட்டை விளிம்பிற் பட்ட பந்து, எங்ஙனமோ வலையைத் தாண்டி வீழ்ந்தது. முடிவில் 10-8, 4-6, 9-7 என்னும் கணக்கில் இளையவரே வென்றார்.

அவர் ஆடும் திறத்தை ஈண்டு விரித்துரைத்தல் தகும். பந்தை வலிந்து அடித்தலினும், அது விழவேண்டிய இடத்தில் விழச் செய்தலையே அவர் பெரிதாகக் கொண்டார். எதிரியை ஒரு மூலைக்கு ஈர்த்து, அடுத்த பந்தை மறு மூலைக்கு அனுப்பி, களம் வெறிதாகும்வரை பொறுத்திருப்பார். வெறிதான பின்னரே முடிவு செய்வார். களத்தின் பின்கோட்டில் நின்று ஆடுதலும், வலையருகே விரைந்து வந்து பந்தை நிலந்தொடாமுன் அடித்தலும் அவர்க்கு ஒப்ப எளியவாயின. அவர் தாவுங்கால் நடனமாடுவார் போலத் தோன்றுவர். உடலை இறுக்கும் உள்ளாடையையும் நீண்ட பாவாடையையும் நீக்கி, கைகால்கள் தடையின்றி இயங்கும் மெல்லுடையை அணிந்தமையும் அவ்விரைவிற்குத் துணைசெய்தது.

விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் ஆறு முறை அவருடையதாயிற்று. 1920 ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மல்லோரி அம்மையாரிடம் முதற் செட்டை இழந்து, உடல்நலங் குன்றி இடையில் விலகியபோது, பத்திரிகைகள் அவரைப் பழித்தன. மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அதே மல்லோரியை 26 நிமிடத்தில் வென்று அவர் விடையளித்தார். 1926 ஆம் ஆண்டு பெப்ருவரி 16 ஆம் நாள் கான் நகரில், ஹெலன் வில்ஸ் என்னும் அமெரிக்க நங்கையை 6-3, 8-6 என வென்றார். எனினும் அவ்வாண்டு விம்பிள்டனில் ஆட்ட நேரம்பற்றி எழுந்த குழப்பத்தால் அரசியார் காத்திருக்க நேர்ந்தது. அதனால் விளைந்த மனவருத்தத்தில் அவர் போட்டியினின்றே விலகினார்.

அதன்பின் அவர் செய்த செயலே நாம் முன்னர்க் குறித்தது. 1926 ஆம் ஆண்டிலேயே பைல் என்னும் அமெரிக்கரோடு 50,000 டாலருக்கு ஒப்பந்தஞ் செய்து, ஊதியம் பெற்று ஆடுவாராயினார். மேரி பிரவுன் அம்மையாருடன் ஆடிய 38 ஆட்டங்களிலும் அவரே வென்றார். விளையாட்டை விலைபேசினார் எனப் பலர் இகழ்ந்தனர். விம்பிள்டன் கழகம் அவருக்கு அளித்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியை நீக்கிற்று. அவரோ, தம் ஆட்டங்காணத் திரண்டோர் தந்த பணம் பிறரைச் சேர, ஆடுபவர்க்கு ஒன்றுமில்லை என்றும், அவ்விதி செல்வரன்றிப் பிறர் ஆடவொட்டாது தடுக்கும் என்றும் எடுத்துரைத்தார்.

பின்னாளிற் பாரிஸில் டென்னிஸ் பள்ளி நிறுவி இளையோர்க்குக் கற்பித்தார். 1938 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4 ஆம் நாள், 39 ஆம் வயதிற் காலமானார். முப்பதாண்டுகள் கழித்து, 1968 இல், விம்பிள்டன் ஊதியம் பெறுவோர்க்கும் வாயில் திறந்தது. பிரெஞ்சுப் போட்டியில் வெல்லும் மகளிர் பெறும் கோப்பை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

முன்கோபமும் பிடிவாதமும் அவர்பால் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பரிசில் பெற்றமையாற் புலவர் பாட்டு இழிந்ததில்லை. ஊதியம் பெற்றமையால் அவர் ஆட்டமும் இழிந்ததன்று. கற்ற தொழிலைக் குறைவறச் செய்து அதன் பயனை நாணாது கேட்டல் தவறன்று என்பதே அவர் வாழ்க்கையினின்று நாம் பெறும் படிப்பினையாம்.