மருத மரத்தோடு ஒட்டிய பெயர்

குற்றாலச் சாரலில் நனையாதவர் நம்மில் யார் இருக்கிறோம்? ஆனால் அருவிக்குப் போகும் வழியில் நிற்கும் மரங்களில் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? தாத்தாவோ ஆச்சியோ உடன் வந்தால் சொல்லித் தருவார்கள். வேங்கையின் பட்டையைக் கீறினால் செந்நிறப் பிசின் கசியும். இலுப்பைக் காம்பை ஒடித்தால் பால் வடியும். அரச இலைக்கு நுனியில் நீண்ட வால் உண்டு. ஆற்றங்கரை மருதத்தின் பட்டை வெளிறி, வழவழப்பாக, செதில் செதிலாக உரியும்; அதன் இலையைத் திருப்பினால் காம்பை ஒட்டி இரண்டு சிறு முடிச்சுகள் தெரியும். அந்த மருதத்தின் அறிவியற் பெயரோடு, முன்னொரு காலத்தில் இக்குற்றால மலையில் செடி தேடி நடந்த ஒருவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அவரே ராபர்ட் வைட்.

அவர் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது தொழில். செடி கொடிகளைத் தேடுவது ஆசை. 1826இல் அரசு அவரை இயற்கை ஆய்வாளராகவே நியமித்தது. தென்னாடு முழுவதும் அலைந்து திரிந்தார். இரண்டே ஆண்டுகளில், 1828இல், அந்தப் பதவியை அரசு ஒழித்துவிட்டது. சேகரித்தவற்றை லண்டனுக்கு அனுப்பிவிட்டு நாகப்பட்டினத்தில் மருத்துவராகப் பணியேற்றார்.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். வைட் விடவில்லை. தம் சொந்தச் செலவில் ஆட்களை அனுப்பிச் செடிகளைச் சேகரித்தார். நாம் பட்டையையும் இலையையும் வைத்து மரத்தை அறிகிறோம். நடப்பவர்க்கு அது போதும். ஆனால் ஒரு மரத்துக்கு உலகமெங்கும் செல்லும் பெயர் வைக்கப் பூவும் காயும் வேண்டும். உயர்ந்த கிளையில் ஏறிப் பறித்து, காகிதத்தில் வைத்து அழுத்தி, ஈரம் படாமல் காக்க வேண்டும். சாரல் காலத்தில் அது எத்தனை பாடு என்று குற்றாலத்தாருக்குச் சொல்லவா வேண்டும்! மரமேறிப் பறித்துத் தந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

1831இல் விடுப்பில் தாயகம் சென்றபோது, ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள உலர்ந்த செடிகளை உடன் கொண்டுபோனார். அங்கே ஆர்னாட் என்ற நண்பருடன் சேர்ந்து 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ராக்ஸ்பரோ என்ற முன்னோடி, மருதத்தின் காயில் ஐந்து சிறகுகள் இருப்பதைக் கண்டு, அதற்கு ஐஞ்சிறகு என்று பொருள்படும் தனிப் பேரினத்தில் இடம் தந்திருந்தார். வைட்டும் ஆர்னாட்டும் அதைக் கடுக்காயும் தான்றியும் உள்ள டெர்மினாலியா என்ற குடும்பக் கூட்டத்தில் சேர்த்தார்கள். டெர்மினாலியா அர்ஜுனா என்ற பெயருக்குப் பின்னே இன்றும் அவ்விருவர் பெயரும் எழுதப்படுகின்றன.

திரும்பி வந்த வைட், பட்டாளத்தோடு பாளையங்கோட்டை சேர்ந்தார். 1830களின் நடுவில் குற்றால மலைக்கு வந்து செடிகளைத் திரட்டியது அப்போதுதான்.

பிற்காலத்தில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் வேலையையும் பல ஆண்டுகள் பார்த்தார். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய படநூல்தான். பெரிய நூலகமோ ஆசிரியரோ அருகில் இல்லாதவர்களும் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னதென்று கண்டறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். வண்ணம் தீட்டினால் விலை ஏறும். ஆகையால் வெறுங்கோட்டுப் படங்களாகச் சென்னையிலேயே கல்லச்சில் அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் வெளிவந்தன! அவற்றை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்களான ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும். பல படங்களின் அடியில் அவர்கள் பெயரும் அச்சாகியுள்ளது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பின்வந்த அறிஞர்கள் அச்செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால், அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை.

1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் ஊரில் வாழ்ந்து, 1872ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் காலமானார். அவர் திரட்டிய செடிகள் கியூ, எடின்பரோ தாவரத் தோட்டங்களில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.