பறம்பின் புலவர் கபிலர்

மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்து அமைந்துள்ள திருவாதவூர், சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊர் என்பது மரபுவழிச் செய்தி. வயலும் கண்மாயும் சூழ்ந்த அச்சமவெளிக்கு வடகிழக்கே, இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை எனப்படும் குன்றே பண்டைய பறம்புமலை. சமவெளியில் தோன்றிய புலவரை மலையின் பாவலராக்கியது, பறம்பின் தலைவன் வேள்பாரியோடு அவர் கொண்ட நட்பு.

குறிஞ்சித்திணையைப் பாடுவதில் கபிலர் தனிச்சிறப்புப் பெற்றவர். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பாடல்கள் நூறும், கலித்தொகையின் குறிஞ்சிக்கலி இருபத்தொன்பதும் அவர் பாடியவை. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்த அவர் இயற்றியது குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட அந்நூலில் அவர் இலக்கண விதிகளை அடுக்கவில்லை. கேட்போரை மலைச்சாரலுக்கே அழைத்துச் சென்றார். தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் நீராடுகின்றனர். சாரலெங்கும் திரிந்து பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். காந்தள், குறிஞ்சி, வெட்சி, கொன்றை, பாதிரி, வாகை, மூங்கிலாகிய உந்தூழ் எனத் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அங்கே வரிசையாக வருகின்றன. நிறமும் மணமும் தோற்றமும் சுட்டும் அடைமொழிகள், காட்டில் நடந்து நடந்து பழகிய கண்களுக்கே வாய்ப்பவை.

பறம்புநாட்டின் முந்நூறு ஊர்களையும் பாரி இரவலர்க்கு வழங்கிவிட்டான். அவன் புகழைப் பொறாத மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டனர். உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உள்ளவரை பறம்பைப் பட்டினியால் வெல்ல இயலாது என்று கபிலர் அவ்வேந்தர்க்கு உணர்த்தினார். வாளால் பெறமுடியாத மலையை, யாழிசைத்துப் பாடி வந்தால் பாரி பரிசாகவே தருவான் என்றும் இடித்துரைத்தார். பறம்பின் குருவிகள் காலையில் பறந்து சென்று, மாலையில் செந்நெற்கதிர்களோடு திரும்பிய செய்தியை ஔவையாரின் அகநானூற்றுப் பாடல் காட்டுகிறது. காடு அரணாக நின்றது. எனினும் இறுதியில் பாரி மாண்டான்.

நண்பனோடு உயிர்விடக் கபிலர் விரும்பினார். ஆயினும் பாரியின் மகளிரைக் காக்கும் கடமை அவரைத் தடுத்தது. கண்ணீரோடு மலையிடம் விடைபெற்று அம்மகளிரை அழைத்துச் சென்றார். பகைவேந்தரின் குதிரைகளை மலைமேலிருந்து எண்ணிய அப்பெண்கள், எளிய குடிசையருகே குப்பைமேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுவதைக் கண்டு உளம் நொந்தார். காப்பாரின்றிப் பறம்பின் சிறுகுளம் கரை உடைந்து அழிவதையும் ஒரு பாடலில் பதிவு செய்தார். தலைவனை இழந்த நாட்டின் துயரை அவ்வுடைந்த கரையே உணர்த்திவிடுகிறது.

மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் கபிலர் வேண்டினார், இருவரும் மறுத்தனர். இருங்கோவேளின் செருக்கை அவர் அஞ்சாது கண்டித்தார். பின்னர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். சேரமன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனை அவர் பாடிய பத்துப் பாடல்களே பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து. அம்மன்னனிடமும் பாரியின் பெருமையைச் சொல்ல அவர் தயங்கவில்லை.

கடமை முடிந்தபின், தென்பெண்ணையாற்றங்கரையில் கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பு கூறுகிறது. பாரிமகளை மலையமானுக்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் எனத் திருக்கோவலூரில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. ஆற்றின் நடுவே உள்ள கபிலர் குன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தொண்ணூற்றொன்பது பூக்களில் பலவற்றின் பெயர்களை இன்று நாம் மறந்துவிட்டோம். அவற்றுள் சிலவற்றை இன்ன செடியென அடையாளம் காண்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. குறிஞ்சிப்பாட்டைக் கையிலேந்தி மலைச்சாரலில் நடப்போர்க்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகக் காட்டினூடே கபிலரே வழிகாட்டியாக முன்செல்கிறார்.