சர்க்கரையில் கோபுரம் கட்டியவர்

பிரான்ஸ் நாட்டில் பெரும் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். பாரிஸ் நகரில் ரொட்டிக்குக் கூடப் பஞ்சம்.

ஒரு நாள், ஏழைத் தொழிலாளி ஒருவர் தம் மகனை வெளியே அழைத்துச் சென்றார். அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பிறகு அவனைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் பிள்ளைகள் அதிகம். எல்லோருடைய வயிற்றையும் நிரப்ப அவரால் முடியவில்லை.

பையனுக்கு அப்போது வயது ஏறக்குறைய பத்து. அவன் தந்தையை மறுபடியும் பார்க்கவே இல்லை.

அந்தப் பையன்தான், பிற்காலத்தில் மன்னர்களுக்கு விருந்து சமைத்த அந்தோனின் கரேம். சர்க்கரையைக் கொண்டு பூவும் மாளிகையும் செய்து உலகப் புகழ் பெற்றவர்.

படம் பார்த்துப் படித்தவன்

அநாதையாக நின்ற சிறுவனை ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். பாத்திரம் துலக்கினான், அடுப்பு மூட்டினான். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினான்.

1798-ம் ஆண்டு வாக்கில், பாயி என்பவரின் பலகாரக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. பாரிஸில் பெயர் பெற்ற கடை அது. அதன் அருகிலேயே தேசிய நூல் நிலையம் இருந்தது.

முதலாளி நல்ல மனிதர். பையனின் ஆர்வத்தைக் கண்டு, பிற்பகல் வேளைகளில் நூல் நிலையத்துக்குப் போய்வர அனுமதி கொடுத்தார்.

கரேம் ஒழுங்காகப் பள்ளியில் படித்தவன் அல்ல. ஆனாலும் சளைக்கவில்லை. அங்கிருந்த கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். கிரேக்கக் கோயில்கள், எகிப்தியப் பிரமிடுகள், இடிந்த கோட்டைகள் எல்லாம் அவன் தாளில் ஏறின. கடைக்குத் திரும்பியதும் அவற்றைச் சர்க்கரையில் கட்டினான்! அவை கடையின் கண்ணாடி அலமாரியில் நின்றன. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சர்க்கரைப் பூ மலர்வது எப்படி?

சர்க்கரையில் எப்படிப் பூச் செய்வது என்று நேயர்கள் கேட்கலாம். ரகசியம் பிசினில் இருக்கிறது.

பாரசீகம் போன்ற நாடுகளில் வளரும் ஒரு முட்செடியின் பிசினைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அதை வடிகட்டி, மிக நைசாகப் பொடித்த சர்க்கரையுடன் சேர்த்துப் பிசைவார்கள். வெள்ளை வெளேரென்று சப்பாத்தி மாவு போல உருண்டு வரும். காற்றுப் பட்டால் சீக்கிரம் இறுகிவிடும். ஆகையால் ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும்.

பலகையில் கொஞ்சம் மாவு தூவி, குழவியால் மெல்லியதாகத் தேய்ப்பார்கள். தகர அச்சால் இதழ்களை வெட்டுவார்கள். ஒவ்வோர் இதழையும் உள்ளங்கையில் வைத்து, நுனி உருண்டையான குச்சியால் ஓரத்தை அழுத்துவார்கள். ஓரம் மெலிந்து, இதழ் குழிந்து, நிஜ ரோஜா இதழ் போல வளையும். காய்ந்த பிறகு பிசின் நீர் தொட்டு ஒன்றோடொன்று ஒட்டுவார்கள். பச்சை நிறத்துக்குக் கீரைச் சாறு, மஞ்சளுக்குக் குங்குமப்பூ.

பார்க்க எளிது, செய்யக் கடினம். ஒரு துளி நீர் அதிகமானால் இதழ் துவண்டுவிடும். குறைந்தால் வெடித்துவிடும்.

அரண்மனை வாசல்கள்

கரேமின் கைத்திறன் தாலிரான் என்ற பெரிய ராஜதந்திரியை எட்டியது. அவருடைய விருந்துகளில் கரேம் வேலை செய்தார். 1810-ல் நெப்போலியனின் திருமண விருந்துகளிலும் அவர் கைவேலை இருந்தது.

1816-ல் இங்கிலாந்து அழைத்தது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசருக்கு அவர் சமைத்தார். பிரைட்டன் நகர மாளிகையில் 1817-ல் நடந்த ஒரு விருந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் பரிமாறப்பட்டன. ஆனால் அந்நிய நாட்டில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். 1819-ல் ரஷ்யா சென்றார். அங்கும் நெடுநாள் தங்கவில்லை. பிறகு பாரிஸில் ராத்சைல்டு என்ற கோடீஸ்வரரின் வீட்டில் வேலை பார்த்தார்.

கரைந்ததும் கரையாததும்

அந்தக் காலத்துச் சமையலறைகள் பெரும்பாலும் நிலவறைகளில் இருந்தன. காற்றோட்டம் இல்லை. நாள் முழுவதும் கரி அடுப்பின் புகை. அதையே சுவாசித்து சுவாசித்துக் கரேமின் உடல் நலிந்தது என்பார்கள். 1833-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி அவர் காலமானார். ஐம்பது வயது கூட நிரம்பவில்லை.

அவர் கட்டிய சர்க்கரைக் கோயில்களில் ஒன்று கூட இன்று இல்லை. சர்க்கரைக்கு ஈரமே எமன். அழகழகான பூக்கள் விருந்தோடு விருந்தாக உடைந்தும் கரைந்தும் போயின.

இதைக் கரேம் அறியாதவர் அல்ல. அதனால்தான் தாம் கற்றதையெல்லாம் புத்தகமாக எழுதினார். 1815-ல் பலகாரக் கலை பற்றி இரண்டு நூல்களை வெளியிட்டார். அவற்றில் ஒன்றில், சர்க்கரை மாளிகைகளின் படங்கள் நூற்றுக்கு மேல் உண்டு. அவர் தம் கையாலேயே வரைந்த படங்கள் அவை! பிரெஞ்சுச் சமையல் பற்றிய அவருடைய கடைசி நூல் ஐந்து பாகங்கள் கொண்டது. மூன்று பாகங்களை அவர் எழுதினார். மற்ற இரண்டையும், அவர் மறைந்த பிறகு ப்ளூமரே என்ற சமையல் வல்லுநர் எழுதி நிறைவேற்றினார்.

தெருவில் விடப்பட்ட சிறுவனுக்கு நூல் நிலையம் கதவைத் திறந்தது. வளர்ந்த பின் அவர் அந்தக் கடனைப் புத்தகமாகவே திருப்பிக் கொடுத்தார். சர்க்கரை கரைந்துவிட்டது, எழுத்து கரையவில்லை.